காந்தியடிகளும் மரக்கறிச் சாப்பாடும்

ஊரிலிருந்து கொழும்புக்கு வரும் இளைஞனுக்கு முதலில் எதிர்ப்படும் சங்கடம் சாப்பாடு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, காலையில் கந்தோருக்கோ கடைக்கோ படிப்புக்கோ ஓடி, மாலையில் களைத்துத் திரும்பும்போது அம்மா வைத்த கறியின் வாசனை நெஞ்சில் எழுகிறது; கையிலிருப்பதோ மாதக் கடைசிக் காசு. வீட்டிலே சைவமாய் இருந்தவன், இங்கும் அப்படியே இருக்க இயலுமா என்று ஐயுறுகிறான். மச்சம் உண்டு பழகி, இப்போது அதை விட்டுவிட எண்ணுபவன், அது இல்லாமல் சோறு தொண்டையில் இறங்குமா என்று அஞ்சுகிறான். நமது சங்கத்துக்கு வரும் தம்பிமார் வாயிலாக இவ்விரண்டு கேள்விகளும் ஆண்டுதோறும் நம் காதில் விழுகின்றன.

2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மீனும் முட்டையும் இறைச்சியும் பல குடும்பங்களுக்கு எட்டாத விலைக்கு ஏறின. அக்காலத்தில் நம்மிற் பலர் விரும்பாமலே மரக்கறிக்காரர் ஆனோம். காசில்லாமையால் மச்சத்தை விட்டவனுக்கும் மனமொப்பி விட்டவனுக்கும் முன்னே இருக்கும் தட்டு ஒன்றுதான். ஆயினும் முன்னவன் அதைக் குறையாகப் பார்க்கிறான். பின்னவன் நிறைவாக உண்கிறான். இந்த இரண்டு நிலைகளிலும் தாமே நின்று பார்த்தவர் மகாத்மா காந்தி. அவருடைய அரசியல் வாழ்க்கையை அறியாதவர் நம்மில் இல்லை. அவர் வயிற்றோடு நடத்திய வாழ்க்கையை இம்மலரில் இளைஞர்க்குச் சொல்ல விரும்புகிறோம்.

இளமையும் ஒரு களவும்

மோகனதாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் மேற்கிந்தியாவில் உள்ள போர்பந்தரில் பிறந்தார். தந்தையார் சுதேச சமஸ்தானத்துத் திவான். தாயார் புத்லிபாய் வைணவ பக்தியும் விரத நியமங்களும் மிக்கவர். மழைக்காலத்தில் சூரியனைக் கண்ட பின்னரே உண்பது என்று நோன்பு பூணுவார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். சூரியன் முகங்காட்டியதும் ஓடிச் சென்று தாயை அழைப்பார்கள். அவர் வருவதற்குள் மேகம் மூடிவிடும். தாயார் முகம் வாடாமல் உள்ளே திரும்பிவிடுவார். உணவைப் பற்றிய முதற் பாடத்தை மோகனதாஸ் கற்றது இம்முற்றத்திலேதான்.

இத்தகைய வீட்டிற் பிறந்தவர் மாமிசத்தைத் தொட்டதேயில்லை என்று யாரும் எண்ணவேண்டாம். பள்ளிப் பருவத்தில் ஒரு நண்பன் அவர் மனத்தைக் கலைத்தான். ஆங்கிலேயர் மாமிசம் உண்பதால் பலசாலிகளாய் நம்மை ஆளுகிறார்கள், நாமும் உண்டால் அவர்களை வெல்லலாம் என்பது அந்நண்பனின் வாதம். மெலிந்த உடலும் இருட்டைக் கண்ட பயமும் உடைய மோகனதாஸுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆற்றங்கரையில் ஒதுக்கிடம் ஒன்றில் ஆட்டிறைச்சியும் கடைப் பாணும் உண்டார்கள். இறைச்சி தோலைப்போல் முரடாயிருந்தது. உண்ண இயலாமல் எழுந்துவிட்டார். அன்றிரவு உறக்கத்தில், வயிற்றுக்குள் ஓர் ஆடு உயிரோடு கத்துவதுபோல் தோன்றித் திடுக்கிட்டு எழுந்தார்.

அத்துடனும் அவர் விடவில்லை. ஏறக்குறைய ஓராண்டு காலத்தில் ஐந்தாறு முறை இப்படி மறைவாக விருந்துண்டார். நாளடைவில் ருசியும் பழகியது. ஆனால் விருந்துண்ட நாளில் வீட்டில் பசியில்லை என்று தாயிடம் பொய் சொல்ல வேண்டியிருந்தது. அப்பொய்தான் அவரை வருத்தியது. பெற்றோர் இருக்கும்வரை மாமிசம் வேண்டாம், பின்னர் சுதந்திரம் வந்தபோது வெளிப்படையாக உண்ணலாம் என்று முடிவு செய்து நிறுத்தினார். ஆகவே அவர் அன்று கைவிட்டது பொய்யை. மாமிசம் நல்லதென்ற எண்ணம் அவருள்ளே அப்படியே இருந்தது.

தாய்க்குக் கொடுத்த வாக்கு

தந்தையார் காலமான பின், 1888 இல், நியாயதுரந்தரர் படிப்புக்காக இலண்டனுக்குச் செல்லும் வாய்ப்பு வந்தது. கடல் கடந்து செல்லும் பிள்ளைகள் மதுவும் மாமிசமும் பழகிக் கெட்டுப்போவார்கள் என்று கேள்விப்பட்ட புத்லிபாய் சம்மதிக்கத் தயங்கினார். குடும்பத்துக்கு வேண்டிய சமணத் துறவி ஒருவர் முன்னிலையில், மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடேன் என்று மகன் சபதம் செய்த பின்னரே தாயார் விடைகொடுத்தார். சாதித் தலைவர்கள் அவரைச் சாதியினின்று நீக்கிவைத்தார்கள். அதையும் பொருட்படுத்தாது அவ்வாண்டு செப்டெம்பர் 4 ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். பத்தொன்பது வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

கப்பலிலேயே சோதனை தொடங்கியது. முள்ளும் கத்தியும் கொண்டு உண்ணத் தெரியாது. எதிலே மாமிசம் கலந்திருக்கிறது என்று கேட்க வெட்கம். ஆகவே அறையை விட்டு வெளிவராமல், ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களையும் பழங்களையும் உண்டு நாளைக் கழித்தார். இங்கிலாந்தின் குளிரில் மாமிசம் இல்லாமல் எவரும் உயிர்வாழ முடியாது என்று சக பிரயாணி ஒருவர் அன்போடு எச்சரித்தார். அப்படியானால் தாய்நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்பதே இவர் எண்ணம்.

இலண்டனில் பட்டினி

இலண்டனுக்கு வந்ததும் ரிச்மண்ட் என்னும் இடத்தில் இந்திய நண்பர் ஒருவரோடு ஒரு மாதம் தங்கினார். காலையில் ஓட்ஸ் கஞ்சி வயிற்றை நிரப்பும். மதியமும் இரவும் உப்புறைப்பின்றி வெந்த பசளிக் கீரை, பாண், பழப்பாகு. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் பாண் கேட்க நாணம். வீட்டு நினைவால் இரவில் கண்ணீர் வரும், வயிறும் காயும்.

நண்பருக்கோ இவர் பிடிவாதம் மூடத்தனமாகத் தோன்றியது. எழுத்தறியாத தாய்க்கு, இந்நாட்டு நிலை அறியாது கொடுத்த வாக்கு எப்படிச் செல்லும் என்று வாதாடினார். பெந்தாம் என்னும் அறிஞரின் நூலைப் படித்துக் காட்டினார். இவருக்கு வாதம் விளங்கவில்லை. விளங்கியிருந்தாலும் எதிர்வாதம் இல்லை. வாக்கு வாக்குத்தான் என்ற ஒன்றையே பற்றிக்கொண்டார்.

ஒருநாள் நாடகம் பார்க்குமுன் அந்நண்பர் இவரை ஹோபர்ன் உணவகம் என்ற பெரிய விடுதிக்கு விருந்துக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பகட்டான கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார் என்பது அவர் எண்ணம். சூப் வந்தது. அதில் மாமிசம் உண்டா என்று இவர் பரிசாரகனை அழைத்துக் கேட்கப் போக, நண்பருக்குச் சினம் மூண்டது. ஒழுங்காக உண்ண இயலாவிட்டால் வெளியே போய் எங்காவது சாப்பிட்டுவிட்டுக் காத்திரு என்று சொல்லிவிட்டார். மோகனதாஸ் மகிழ்ச்சியோடு எழுந்து வெளியே வந்தார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலை பூட்டியிருந்தது. பட்டினியோடு நாடகம் பார்த்தார். நண்பரோடு மனத்தாங்கல் கொள்ளவில்லை. அவர் கண்டிப்பிலும் அன்பு இருந்ததை அறிந்திருந்தார்.

ஃபாரிங்டன் வீதியில்

பின்னர் மேற்குக் கென்சிங்டனில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் இடம் கிடைத்தது. அவ்வம்மையாருக்கு மரக்கறிச் சமையல் தெரியாது. அவருடைய பெண்மக்கள் இரங்கி ஒரு துண்டு பாண் கூடுதலாக வைப்பார்கள். இவர் பசிக்கு ஒரு முழுப் பாணும் காணாது. நகரில் மரக்கறி உணவுச்சாலைகள் உண்டு என்று அந்த அம்மையாரே சொன்னார். அவற்றைத் தேடி நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடப்பார். ஏதாவது மலிவான கடையில் பாணைக் கடித்துவிட்டு வயிறு நிரம்பாமலே திரும்புவார்.

அப்படி அலைந்த ஒருநாள் ஃபாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலை கண்ணிற் பட்டது. தொலைந்த பொருள் கிடைத்த குழந்தையைப்போல் மகிழ்ந்தார். வாசலிலே கண்ணாடிக்குள் சில நூல்கள் விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஹென்றி சோல்ட் என்பவர் மரக்கறி உணவை ஆதரித்து எழுதிய நூலை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு நேரே உள்ளே சென்றார். இங்கிலாந்து மண்ணை மிதித்த பின் அவர் வயிறார உண்டது அன்றுதான்.

இளைஞர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று கவனிக்க வேண்டும். அதுவரை அவர் மாமிசம் உண்ணாதது வாக்குக்காக. இந்தியர் யாவரும் மாமிசம் உண்பவராக வேண்டும், தாமும் ஒருநாள் அப்படி ஆகலாம் என்ற பழைய எண்ணம் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தது. சோல்ட்டின் நூலை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அந்நாள்முதல் மரக்கறி உணவு அவருடைய சொந்த விருப்பமாயிற்று. தாய் போட்ட வேலியைச் சுற்றி நடந்தவர், அன்று தாமே ஒரு தோட்டம் போடத் தொடங்கினார். அதன் பிறகு அவர் எழுதியவற்றில் உணவைப் பற்றிய தேடல் உண்டு, ஆராய்ச்சி உண்டு. மாமிசத்துக்கான ஏக்கம் இல்லை.

ஒரு ஷில்லிங்கும் மூன்று பென்னியும்

இதற்குப் பின்னும் அவர் சிறிது காலம் ஆங்கிலக் கனவானாக வேடம் பூண்டார். உயர்ந்த உடை, பட்டுத் தொப்பி, நடனப் பாடம், வயலின் என்று காசைச் செலவிட்டார். மூன்று மாதத்தில் அப்பித்தம் தெளிந்தது. ஊரில் தமையனார் சிரமப்பட்டு அனுப்பும் பணம் என்ற நினைவு வந்தது. பஸ் கட்டணம், தபால் முத்திரை, பத்திரிகை என்று ஒவ்வொரு சதமும் கணக்கிலேறியது. குடும்பத்தோடு தங்குவதை விட்டு இரண்டு அறைகளுக்கும், பின்னர் ஒரே அறைக்கும் மாறினார். போகவேண்டிய இடங்களுக்கு நடந்து சென்றதால் நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடை கிடைத்தது; பஸ் காசும் மிஞ்சியது, உடம்பும் உறுதியாயிற்று.

அந்த ஒற்றை அறையில் ஓர் அடுப்பு வாங்கி வைத்தார். காலைக்கு ஓட்ஸ் கஞ்சியும் கொக்கோவும். சமையல் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். மதியம் வெளியே மரக்கறிச் சாப்பாடு. இரவு அறையிலேயே பாணும் கொக்கோவும். நாளொன்றுக்கு ஆன உணவுச் செலவு ஒரு ஷில்லிங்கும் மூன்று பென்னியும். பழைய ஆங்கில நாணயத்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண். கணக்குப் பார்த்தால் ஒரு பவுணைக் கொண்டு 16 நாள் உண்டிருக்கிறார். இக்காலத்திலேதான் மிக ஊன்றிப் படித்தார் என்பதையும் சொல்லவேண்டும். எளிய உணவு தம் வாழ்க்கையை வறட்சியாக்கவில்லை, உள்ளும் புறமும் பொருந்தச் செய்து மகிழ்ச்சியே தந்தது என்பது அவர் கண்ட அனுபவம்.

ஊரிலிருந்து தருவித்த இனிப்பும் மசாலைத் தூளும் நாளடைவில் வேண்டாமற் போயின. முன்பு ரிச்மண்டில் சப்பென்றிருந்த அதே உப்புறைப்பில்லாத பசளிக் கீரை இப்போது அவருக்கு அமுதமாய் இனித்தது. கீரை மாறவில்லை, சமைத்த முறையும் மாறவில்லை. ருசி இருப்பது நாவில் அன்று, மனத்தில் என்று அவர் கண்டது இப்படித்தான்.

ஆராய்ச்சி வேகத்தில் முட்டை மாமிசமாகாது என்று சிலர் சொன்னதை நம்பிச் சில நாள் முட்டையும் உண்டார். பின்னர், வாக்கு வாங்கிய தாய் மாமிசம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருப்பார் என்று சிந்தித்தார். தாய் கருத்தில் முட்டையும் அடங்கும் என்று தெளிந்து இரண்டு வாரத்துக்குள் விட்டுவிட்டார். அதனால் மரக்கறி உணவுச்சாலைகளிற்கூட, எந்தப் பண்டத்தில் முட்டை சேர்ந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டு உண்ண வேண்டியதாயிற்று. ஆனால் கேட்கும்போது பழைய வெட்கம் இல்லை.

நண்பர் குழாம்

உணவுச்சாலையும் நூலும் கிடைத்த பின் மூன்றாவதாக நண்பர்களும் கிடைத்தார்கள். இலண்டன் மரக்கறி உணவுக் கழகத்திற் சேர்ந்து அதன் நிர்வாக சபையிலும் இடம்பெற்றார். கழகத்தின் வார இதழில் 1891 இல் இந்திய மரக்கறி உணவைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு சங்கம் அமைத்து அதற்குச் செயலாளராகவும் இருந்தார். பொதுப்பணியில் அவர் பெற்ற முதற் பயிற்சி அதுவே. பின்னாளில் பெரும் மக்கட் படைகளை நடத்தியவர் தொடங்கிய இடம் ஒரு சின்ன உணவுச் சங்கம் என்பது நம்மைப்போன்ற சங்கத்தாருக்கு ஊக்கந் தரும் செய்தி.

அக்கழகத்தில் ஒரு வழக்கு எழுந்தது. டாக்டர் அலின்சன் என்ற உறுப்பினர் வேறொரு விஷயத்தில் கொண்ட கருத்துத் தலைவருக்குப் பிடிக்காமல் அவரை நீக்க முற்பட்டார்கள். காந்திக்கும் அலின்சன் கருத்தில் உடன்பாடில்லை. எனினும் மரக்கறி உண்பவர் எவரும் கழகத்தில் இருக்கலாம், மற்றக் கொள்கைகளைக் காரணங்காட்டி நீக்கலாகாது என்று அவர் பக்கம் நின்றார். பேச நா எழாமல், எழுதிக்கொண்டு போனதை வேறொருவர் படிக்க வேண்டியதாயிற்று. தோற்கும் பக்கத்திலேயே நின்றார். ஆனால் நியாயத்தின் பக்கம் நின்றார்.

1891 ஜூன் 10 ஆம் நாள் நியாயதுரந்தரர் பட்டம் பெற்றார். புறப்படுமுன் நண்பர்களுக்கு ஒரு விருந்து வைத்தார். எங்கே தெரியுமா? முன்பு சூப்பைத் தொடாமல் எழுந்து வெளியேறிய அதே ஹோபர்ன் உணவகத்தில். மரக்கறிக் கடையில் மரக்கறி விருந்து வைப்பது பெரிதன்று, மாமிசம் சமைக்கும் இடத்தில் ஏன் வைக்கலாகாது என்று எண்ணி, விடுதி முகாமையாளரிடம் பேசி முழுச் சைவ விருந்து சமைப்பித்தார். விருந்து சிறப்பாயிருந்தது. நன்றியுரை சொல்ல எழுந்தவர்தான் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச இயலாமல் அமர்ந்துவிட்டார்.

பம்பாய்த் துறைமுகத்தில் தமையனார் காத்திருந்தார். தாயார் காலமாகிவிட்ட செய்தியை, அந்நிய நாட்டில் தம்பி கலங்குவான் என்று அதுவரை மறைத்து வைத்திருந்தார். யாருக்குக் கொடுத்த வாக்கைப் பசியோடு காத்தாரோ, அந்தத் தாயிடம் காத்துவிட்டேன் என்று சொல்லும் பாக்கியம் மகனுக்குக் கிடைக்கவில்லை. அவ்வாக்கு அவரை அதன் பின்னும் விட்டுவிடவில்லை. அவரும் அதை விடவில்லை.

பொது அடுப்பு

1893 இல் தென்னாபிரிக்கா சென்ற காந்தி அங்கும் மரக்கறி உணவைப் பரப்ப முயன்றார். யொகான்னஸ்பேர்க் நகரில் ஓர் அம்மையாரின் மரக்கறி உணவுச்சாலைக்கு, தம்மிடம் ஒருவர் நம்பி ஒப்படைத்திருந்த பணத்திலிருந்து கடன் கொடுத்தார். கடை நொடித்தது, பணம் போயிற்று, தம் கைப்பொருளால் அதை ஈடுசெய்தார். ஆர்வம் மட்டும் கடை நடத்தாது என்பதையும் அவர் பட்டே அறிந்தார்.

1910 இல் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களைக் காக்க, கலன்பாக் என்ற நண்பர் வழங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். அங்கே வாழ்ந்தவருள் தமிழர் பலர். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பார்சிகளும் இருந்தார்கள். இறைச்சி உண்டு வளர்ந்தவர்களுக்கு அதை மறுக்கத் தமக்கு உரிமையில்லை என்று காந்தி கருதினார்; கேட்டால் கொடுக்க வேண்டும் என்றே எண்ணியிருந்தார். ஆனால் ஏழைகளின் பணத்தால் நடக்கும் இடத்தில் ஒரே அடுப்பு, ஒரே சமையல், அதுவும் மரக்கறிச் சமையல் என்றால் செலவு குறையும் என்று பெண்களிடம் எடுத்துரைத்தார். அவர்கள் மனமுவந்து சம்மதித்தார்கள்.

காலையில் பாணும் கோதுமையை வறுத்துப் போட்ட கோப்பியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, மரக்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது பாணும் கோப்பியும். ஆளுக்கு ஒரு கிண்ணமும், பண்ணையிலேயே செய்த ஒரு மரக்கரண்டியும். தோடம்பழப் பாகும் நிலக்கடலை வெண்ணெயும் அங்கேயே செய்தார்கள். கட்டளையால் வராத ஒற்றுமை, கேட்டுப் பெற்ற சம்மதத்தால் வந்தது.

பால் விஷயத்தில் அவர் ஒரு தோல்வியையும் ஒப்புக்கொண்டார். பசுவையும் எருமையையும் கறப்பவர் செய்யும் கொடுமையைக் கேள்விப்பட்டு 1912 இல் பாலை விட்டிருந்தார். 1918 இல் கடும் வயிற்றுக்கடுப்பால் மரணத் தறுவாய்க்குப் போனபோது, ஆட்டுப்பால் விரதத்துள் அடங்காதே என்று அன்னை கஸ்தூரிபாய் வழிகாட்டினார். அருந்திப் பிழைத்தார். விரதத்தின் எழுத்தைக் காத்து உட்பொருளைத் தளர்த்திவிட்டேன் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பாலுக்கு ஈடான தாவர உணவு கிட்டவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார்.

நம் நாட்டுக்கு வந்தபோது

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டக் கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் என்று சுற்றினார். மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் எடுத்துரைத்தார். அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் இப்பயணத்தை நூலாக எழுதி 1928 இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று 1915 இல் ஹரித்துவாரில் பூண்ட விரதத்தோடேயே அவர் நம் ஊர்களில் நடமாடினார். விருந்தோம்பலுக்குப் பேர்போன நம் மக்கள் எத்தனை பதார்த்தம் படைத்தாலும் அவர் கணக்கு ஐந்துதான்.

1931 இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோது நவம்பர் 20 ஆம் நாள் பழைய மரக்கறி உணவுக் கழகத்தில் பேசினார். நாற்பதாண்டுகளுக்கு முன் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேச இயலாதவரின் பேச்சைக் கேட்க அவையோர் கூடியிருந்தார்கள். ஒரு ஷில்லிங் நூலை எழுதிய ஹென்றி சோல்ட் முதுமையோடு அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார். உடல்நலத்துக்காக மட்டும் மரக்கறி உண்பவர் நோய் வந்தபோது தளர்ந்துவிடுவார், உயிரிரக்கமாகிய அறம் அடியிலே இருந்தால்தான் நிலைக்கும் என்பது அன்றைய பேச்சின் சாரம். மாமிசம் உண்பவரை இழிவாகப் பாராமல் பொறுமையோடு பழகவேண்டும் என்றும் வற்புறுத்தினார். 1948 ஜனவரி 30 ஆம் நாள் அவர் மறையும்வரை இவ்விரண்டையும் விடவில்லை.

நமக்குக் கிடைப்பது

காந்தியடிகளின் பசி தீர்ந்த வழியைப் பார்த்தால் மூன்று துணைகள் தெரிகின்றன: சாப்பிட ஓர் இடம், காரணம் சொல்ல ஒரு நூல், கூடி உண்ண நண்பர். இம்மூன்றும் இல்லாத மாதங்களில் அவர் பட்டினி கிடந்தார். கிடைத்த பின் மாமிசத்தை நினைக்கவும் அவருக்கு நேரமில்லை.

முதல் துணைக்கு நமக்குக் குறைவில்லை. வெள்ளவத்தைக் காலி வீதியில் அவர் மைற்கணக்கில் தேடியதைப்போல் தேடவேண்டியதில்லை. சில நூறு யாருக்குள் சைவக்கடைகள் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் உண்டு. கடைச் சாப்பாடு கட்டுப்படியாகாதவர் அறையில் ஓர் அடுப்பு வைத்துக்கொள்ளலாம். இலண்டன் மாணவனுக்குக் கிடைத்தது ஓட்ஸும் கொக்கோவும்; நமக்கு மைசூர்ப் பருப்பு, பயறு, கடலை, கௌப்பி, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, வாழைப்பூ, மரவள்ளி, ஈரப்பலா எல்லாம் உண்டு. பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலும் தூளும் இட்டு வற்றக் காய்ச்சினால் இறைச்சிக் கறிக்குப் பழகிய நாவும் குறை சொல்லாது. அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் ஒரு நல்ல காலைச் சாப்பாடு.

இரண்டாம் துணையாகிய அறிவும் இன்று எளிது. அரிசியிற் குறைவான புரதக் கூறு பருப்பு வகையில் உண்டு. பருப்பிற் குறைவானது அரிசியில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்வது வறுமைச் சாப்பாடு ஆகாது, அறிவுள்ள சாப்பாடு. கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பிற் செவ்வையாய்ச் சேரும். பி 12 என்னும் விற்றமின் மரக்கறிகளில் இல்லை. பால், தயிர் சிறிதாவது வேண்டும். அவற்றையும் விட்டவர் வைத்தியரைக் கேட்டு அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும். காந்தியடிகளே ஆட்டுப்பாலுக்கு இணங்கியதை மறவாதிருப்போம். அறத்தின் பக்கத்தை அறிய, திருக்குறளில் புலால் மறுத்தல் என்ற அதிகாரம் நம் வீட்டு அலுமாரியிலேயே இருக்கிறது.

மூன்றாம் துணைதான் குறைகிறது. அதைத் தரவேண்டியவர்கள் நாம். பக்கத்து அறையில் மீன் பொரிப்பவனைப் பார்த்து முகஞ்சுளிப்பதால் ஒருவரும் மாறுவதில்லை. டால்ஸ்டாய் பண்ணையிற் செய்ததுபோல், கேட்டுச் சம்மதம் பெற்று, ஒரே அடுப்பில் சமைத்துக் கூடி உண்பதால் மாறுவார்கள். மூன்று நான்கு தம்பிமார் சேர்ந்து ஒரு சட்டி பருப்பும் ஒரு கீரையும் வைத்தால் செலவும் குறையும், தனிமையும் குறையும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளை ஒருவனைச் சங்கத்திற் கண்டால், எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்பதோடு நில்லாமல், என்ன சாப்பிட்டாய் என்றும் கேளுங்கள். கூச்சத்தால் உண்மையைச் சொல்லமாட்டான். மேற்குக் கென்சிங்டனில் இன்னுமொரு துண்டு பாண் கேட்க நாணிய பிள்ளையும் அப்படித்தான் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரச்சொல்லி, உங்கள் பிள்ளைகளோடு இருத்திச் சோறு போடுங்கள். அவன் அம்மாவுக்கு என்ன வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது நமக்குத் தெரியாது. அதைப் பசியில்லாமல் காக்க அவனுக்குத் துணை செய்வது நம் கையில் இருக்கிறது.